ஃபாரஸ்ட் பார்க்: ஒரு சனிக்கிழமை, மூன்று தலைமுறை

சிகாகோவிலிருந்து காரில் வருகிறீர்கள். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஆறு வயது மகள், நீங்கள் இருவர். ஜூலையில் ஒரு சனிக்கிழமை முழுவதும், மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் ஃபாரஸ்ட் பார்க் என்ற பெரிய பூங்காவில். "ஜூ, மியூசியம் எல்லாமே இலவசம் என்கிறார்களே, உண்மைதானா? ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாமா?" என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்க வேண்டும். இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் மதியம் இரண்டு மணிக்கே யாராவது ஒருவர் முகம் வாடிவிடும்.

நான் இந்தப் பூங்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். உள்ளே இருக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வார இறுதிகளில் தன்னார்வ வழிகாட்டி. ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம்தான் அழைத்து வருவார்கள். அதனால் சொல்லப்போவதில் பெரும்பகுதி நடந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. திறக்கும் நேரம், கட்டணம் போன்றவை அடிக்கடி மாறுகின்றன. அவற்றை மட்டும் கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இலவசம் என்பது உண்மைதான். ஜூ, கலை அருங்காட்சியகம், மிசோரி வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் மையம் நான்குக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கும் கிடையாது. செயின்ட் லூயிஸ் நகரத்திலும் அதை ஒட்டிய கவுன்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொத்து வைத்திருப்பவர்கள் கட்டும் வரியில் ஒரு சிறு பங்கு நேராக இந்த நிறுவனங்களுக்குப் போகிறது. 1971-ல் மக்கள் வாக்களித்து ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு இது. வரலாற்று அருங்காட்சியகம் மட்டும் பின்னால் சேர்ந்தது. ஜூவுக்காகத் தனியாக ஒரு வரியை 1916-லேயே வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஊர் இது. கலை அருங்காட்சியகத்தின் முகப்பில், கலைக்கு அர்ப்பணிக்கப்பட்டது, எல்லோருக்கும் இலவசம் என்ற பொருளில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் அதைக் காட்டுங்கள். ஜூவின் சொந்த வாகன நிறுத்தம், ஜூ ரயில், சில தனிக் காட்சிகள், கலை அருங்காட்சியகத்தின் சிறப்புக் கண்காட்சிகள், கோளரங்கக் காட்சி, படகு வாடகை ஆகியவற்றுக்குப் பணம் கட்ட வேண்டும். சிறப்புக் கண்காட்சிகளை வெள்ளிக்கிழமைகளில் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் வருவது சனிக்கிழமை, அதனால் அது உங்களுக்கு உதவாது.

டிக்கெட் இல்லை என்பதால் மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. இருபத்தைந்து டாலர் கொடுத்து ஓர் இடத்துக்குள் போனால் நாம் என்ன செய்வோம்? கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் பார்த்தாக வேண்டும் என்று கால் வலிக்க நடப்போம். இங்கே அந்தக் கணக்கு இல்லை. ஒரே ஓர் ஓவியத்தைப் பார்க்க உள்ளே போகலாம், பார்த்துவிட்டு இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம், மனது கேட்டால் மாலையில் மறுபடி போகலாம். இங்கேயே இருப்பவர்கள் அப்படித்தான் போய் வருகிறார்கள். மழைக்கு ஒதுங்கி வந்து அரை மணி நேரம் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஓவியத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நம் ஊர்க் குடும்பங்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், பார்க்காம போனா எப்படி?" என்று நான்கு இடத்தையும் ஒரே நாளில் சுற்றுகிறார்கள். என் பெற்றோர் முதல்முறை வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன். மூன்றாவது இடத்தின் வாசலிலேயே அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். களைத்துப்போனதைச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படிச் சொன்னார் என்பது அன்று இரவு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த பெஞ்சைக் கடக்கும்போதெல்லாம் இன்றும் அது நினைவுக்கு வரும்.

ஆகவே "ஒரே நாளில் முடியுமா" என்பதற்கு என் பதில்: காரில் சுற்றி நான்கு வாசலையும் தொட்டுவிட்டு வரலாம், ஆனால் பார்க்க முடியாது. இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறும் முன் ஜூ, உச்சி வெயிலில் கலை அருங்காட்சியகம். மாலையை வெளியே காலியாக விடுங்கள். மூன்றாவதாக ஒன்று அமைந்தால் சந்தோஷம், அமையாவிட்டாலும் குறையில்லை.

இடத்தின் அளவு தெரிந்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். ஃபாரஸ்ட் பார்க் ஏறக்குறைய 1,300 ஏக்கர். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர்தான். 1876-ல் திறந்தபோது இது ஊருக்கு வெளியே, காடும் மேடுமாகக் கிடந்த இடம். இன்றும் ஒரு மூலையில் நிஜமான காடு இருக்கிறது. வரலாற்று அருங்காட்சியகம் வடக்கு ஓரத்தில், அறிவியல் மையத்தின் முக்கியக் கட்டடம் தெற்கே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். முழங்கால் வலி உள்ளவர் இந்த இரண்டுக்கும் இடையே நடப்பது என்ற பேச்சே வேண்டாம். ஜூவும் கலை அருங்காட்சியகமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த இரண்டையும் இணைத்தேன். ஜூவின் வடக்கு வாசலிலிருந்து மேலே ஏறினால் அருங்காட்சியகம். தூரம் குறைவுதான், ஆனால் ஏற்றம். அப்பா அம்மாவை மேலே காரில் கொண்டுபோய் இறக்கிவிடுங்கள்.

ஜூவுக்குத் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஜூலையில் இங்கே பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடும். மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதா என்று தோன்றும். ஆனால் மிசிசிப்பி ஓரத்து ஊர் என்பதால் புழுக்கம் சேர்ந்துகொள்ளும், சென்னையின் மே மாதம் மாதிரி. பத்தரை பதினொரு மணிக்கு மேல் விலங்குகளும் நிழலைத் தேடிப் படுத்துவிடும். உள்ளே போனதும் ரயில் டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஜூவைச் சுற்றி ஓடும் சிறிய ரயில், வழியில் நிறுத்தங்கள் உண்டு. இந்த நாளில் நீங்கள் செலவழிக்கும் பணத்தில் இதுதான் மிக நல்ல செலவு. குழந்தைக்கு வேடிக்கை, அப்பாவின் காலுக்கு ஓய்வு. பெங்குவின் இருக்கும் கூடத்தை வெயில் ஏறிய பிறகு பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நன்றாகக் குளிரூட்டியிருப்பார்கள், பறவைகளுக்கும் நமக்கும் நடுவே ஆளுயரக் கண்ணாடி கிடையாது. மகள் அங்கிருந்து நகர மாட்டாள். கடல் சிங்கங்கள் தலைக்கு மேலே நீந்திப்போகும் கண்ணாடிச் சுரங்கமும் அப்படித்தான்.

ஜூவில் நான் யாரையும் பார்க்காமல் போக விடாத இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பூங்காவில் நடந்த 1904 உலகக் கண்காட்சிக்காக, வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் நிறுவனம் கட்டிய பெரிய பறவைக்கூண்டு அது. 228 அடி நீளம், 50 அடி உயரம். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோவதாக இருந்தது. ஊர் மக்கள் விட மனமில்லாமல் இருக்க, நகராட்சி 3,500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. இந்த ஜூ தோன்றியதே அந்தக் கூண்டைச் சுற்றித்தான். இப்போது உள்ளே மிசிசிப்பிக் கரையின் சைப்ரஸ் சதுப்பு மாதிரி அமைத்து, நாம் நடுவே மரப்பலகைப் பாதையில் நடக்கும்படி வைத்திருக்கிறார்கள். சமதளம், நிழல் உண்டு, கூட்டம் குறைவு. பெரியவர்கள் நின்று நிதானமாகப் பார்க்கக்கூடிய இடம்.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். ஜூவுக்குள் நம் உணவைக் கொண்டுபோக விடுவார்கள், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்கு உள்ளே கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவலும் பீட்சாவும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தால் ஒரு மர மேசையில் உட்கார்ந்து பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிடலாம். அதன் பிறகு கலை அருங்காட்சியகம்.

இந்த அருங்காட்சியகக் கட்டடமும் 1904-ன் மிச்சம்தான். அந்தக் கண்காட்சிக்காக எழுப்பிய பிரம்மாண்டமான வெள்ளை மாளிகைகளில் ஏறக்குறைய எல்லாமே சுண்ணச்சாந்தும் நாரும் கலந்து செய்தவை. முடிந்ததும் இடித்துவிட்டார்கள். நிலைக்க வேண்டும் என்று கல்லில் கட்டியது கலை மாளிகையை மட்டும்தான். வடிவமைத்தவர் காஸ் கில்பர்ட் என்ற கட்டடக் கலைஞர். கிழக்கே ஒட்டியிருக்கும் புதிய பகுதி டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்து 2013-ல் திறந்தது. உள்ளே போனதும் சக்கர நாற்காலி ஒன்று கேளுங்கள், கட்டணமில்லாமல் தருவார்கள். அப்பா வேண்டாம் என்பார். ஆனாலும் வாங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். அரை மணி கழித்து அவரே உட்கார்ந்துகொள்வார். அம்மாவுக்கு ஒரு சால்வை வேண்டும், ஏசி கடுமையாக இருக்கும்.

எதைப் பார்ப்பது? மூன்று போதும் என்பேன். முதலில் எகிப்திய மம்மிகள். ஆறு வயதுக்கு அதைவிட ஈர்ப்பு எதிலும் இல்லை. சில குழந்தைகள் பயப்படும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து மோனேயின் அல்லிக்குளம். அது மூன்று பலகைகளாக வரைந்த ஒரே ஓவியத்தின் நடுப்பலகை. இடதும் வலதும் கிளீவ்லாந்திலும் கன்சாஸ் சிட்டியிலும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து காட்சிக்கு வருவது அபூர்வம். அதன் எதிரில் உட்கார்ந்து பார்க்கும்போது கிட்டத்திலும் தூரத்திலும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டே போனால் வெறும் சாய இழுப்பு, பத்தடி பின்னால் வந்தால் தண்ணீர். என் அம்மா ஓவியம் பற்றி எதுவும் படித்தவர் அல்ல. அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கோயில் குளத்துல சாயங்காலம் இப்படித்தான் இருக்கும்" என்றார். இத்தனை ஆண்டு வழிகாட்டி வேலையில் அந்த ஓவியத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று. மூன்றாவது, மாக்ஸ் பெக்மன் அறை. நாஜிகள் இழிவானது என்று ஒதுக்கிய ஜெர்மன் ஓவியர். கடைசிக் காலத்தில் இந்த ஊரில் சில ஆண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். உலகிலேயே அவர் ஓவியங்களின் மிகப்பெரிய தொகுப்பு இங்கேதான். பெரியவர்களுக்குப் பிடிக்குமா என்றால் உறுதியில்லை, இருண்ட ஓவியங்கள். உங்களுக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மற்றவர்கள் மம்மி அறைக்கே திரும்பிப் போகட்டும்.

தெம்பு மிச்சமிருந்தால் காரில் வரலாற்று அருங்காட்சியகம். 1904 கண்காட்சியின் முக்கிய நுழைவாயில் இருந்த இடத்தில், அதில் மிஞ்சிய பணத்தில் கட்டி 1913-ல் திறந்த கட்டடம். 1927-ல் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாகப் பறந்தாரே, அந்த விமானத்துக்கு "செயின்ட் லூயிஸின் ஆன்மா" என்ற பொருளில் பெயர் வரக் காரணம் இந்த ஊர் வணிகர்கள் கொடுத்த பணம். அசல் வாஷிங்டனில் இருக்கிறது. அதே மாதிரி செய்த இன்னொன்று இங்கே கூரையிலிருந்து தொங்குகிறது. 1904 கண்காட்சிக்குத் தனிக்கூடமே இருக்கிறது, முழு மைதானத்தின் சிறு உருவ மாதிரியோடு.

இந்த 1904 பற்றி நீங்கள் இணையத்தில் படித்துவிட்டு வரும் சில கதைகளைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கண்காட்சி ஏப்ரல் 30 முதல் டிசம்பர் 1 வரை நடந்தது, ஒலிம்பிக் போட்டியும் அதே ஆண்டு பக்கத்துப் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. இவற்றில் சந்தேகமில்லை. ஐஸ்கிரீம் கோன் இங்கேதான் பிறந்தது என்பது சந்தேகத்துக்குரியது. உண்ணக்கூடிய ஐஸ்கிரீம் கிண்ணம் செய்யும் அச்சுக்கு மார்க்கியோனி என்ற இத்தாலியர் நியூயார்க்கில் 1903 டிசம்பரிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இங்கே அது பரவலாகப் பிரபலமானது என்று சொன்னால் சரி. ஐஸ் டீ கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்த வந்த ப்ளெச்சிண்டன் என்ற ஆங்கிலேயர், வெயிலில் யாரும் சூடான டீ குடிக்க வராததால் ஐஸைப் போட்டுக் கொடுத்தார், அப்படித்தான் ஐஸ் டீ வந்தது என்பார்கள். ஆனால் ஐஸ் டீ செய்முறை 1870-களின் அமெரிக்கச் சமையல் புத்தகங்களிலேயே இருக்கிறது. கண்டுபிடித்தவர் அவர் அல்ல. கூட்டத்துக்குப் பழக்கப்படுத்தியதில் பங்கு இருந்திருக்கலாம்.

கதைகளில் வராத ஓர் உண்மையும் உண்டு. பிலிப்பைன்ஸிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூட்டி வந்து, இன்றைய பூங்கா எல்லைக்கு மேற்கே குடிசைகள் போட்டு, பார்வைக்கு வைத்தார்கள். மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கிய அந்தப் பகுதியைப் பற்றிப் பேசாமல் கண்காட்சியின் பெருமையை மட்டும் சொல்லி ஒருவரை வழிநடத்த எனக்கு மனம் வருவதில்லை. குழந்தைக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. அப்பாவிடம் சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்தைப் பற்றித் தன் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது உடனே புரியும்.

அறிவியல் மையத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம். சிகாகோவில் அதைவிடப் பெரியது உங்களுக்கு இருக்கிறது. அப்பா விவசாயக் குடும்பம் என்றால் மட்டும் யோசியுங்கள், அங்கே வேளாண்மைக்கென்றே திறந்தவெளியில் ஒரு பகுதி அமைத்திருக்கிறார்கள். ஜுவல் பாக்ஸ் என்ற கண்ணாடிப் பூங்குடில் அம்மாவுக்குப் பிடிக்கும். 1936-ல் கட்டியது. படிக்கட்டு போல அடுக்கிய செங்குத்துக் கண்ணாடிச் சுவர்கள், படுகூரையில் கண்ணாடி கிடையாது. ஆலங்கட்டி மழை பெய்தாலும் உடையாமல் இருக்க அப்படி யோசித்திருக்கிறார்கள். சிறிய கட்டணம் உண்டு. சனிக்கிழமைகளில் திருமணங்களுக்கு விட்டுவிடுவார்கள், முன்பே விசாரியுங்கள்.

மாலையில் அருங்காட்சியகத்தின் முன்பக்கம் வந்துவிடுங்கள். அங்கிருந்து ஆர்ட் ஹில் என்ற புல்சரிவு கீழே கிராண்ட் பேசின் குளம் வரை இறங்குகிறது. மேலே குதிரையில் ஒன்பதாம் லூயி மன்னரின் வெண்கலச் சிலை, ஊருக்குப் பெயர் கொடுத்தவர். குளிர்காலத்தில் பனி விழுந்தால் ஊர்க் குழந்தைகள் எல்லாம் சறுக்குப்பலகையோடு இங்கேதான் இருப்பார்கள். ஜூலையில் உங்கள் மகள் உருண்டு விளையாடலாம். பெரியவர்கள் சிலையருகே உட்கார்ந்து கீழே நீரூற்றுகளைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். படகு வேண்டும் என்றால் கீழே படகுத்துறையில் மிதிபடகு வாடகைக்குக் கிடைக்கும். மிதிப்பது முழங்காலுக்கு ஆகாது, நீங்களும் மகளும் போய் வாருங்கள். அந்த ஏரி குளங்களை இணைத்து ஓடும் ஓடைகள் இந்தப் பூங்கா வழியே முன்பு ஓடிய ஆறு என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு பூமிக்குள் குழாயில் ஓடுகிறது. கண்காட்சிக்காக மரப்பெட்டிக்குள் மூடத் தொடங்கியதைப் பிறகு சுரங்கமாகவே கட்டிவிட்டார்கள். மேலே தெரிவது கடந்த முப்பதாண்டுச் சீரமைப்பில் புதிதாக உண்டாக்கியது.

இரவு தங்குவதாக இருந்தால் மியூனி திறந்தவெளி அரங்கம் பற்றியும் தெரிந்திருக்கட்டும். பதினோராயிரம் பேர் அமரலாம். கடைசி வரிசைகளில் ஏறக்குறைய 1,500 இருக்கைகள் ஒவ்வொரு காட்சிக்கும் இலவசம், முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் தொடங்கும் இசை நாடகம், முடிய இரவு வெகுநேரமாகிவிடும். ஆறு வயதுக் குழந்தையோடு அது இந்த முறை வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

2025 மே மாதச் சூறாவளியில் பூங்காவில் நிறைய மரங்கள் சாய்ந்துவிட்டன. பழைய புகைப்படங்களில் இருக்கும் நிழல் எல்லா இடத்திலும் இப்போது இல்லை, தொப்பியும் தண்ணீரும் காரில் இருக்கட்டும். தெருவோர நிறுத்தம் இலவசம், ஆனால் ஜூ பக்கம் காலை ஒன்பதரைக்கெல்லாம் நிரம்பிவிடும். அப்பாவுக்காக அன்று ஒருநாள் ஜூவின் கட்டண நிறுத்தத்திலேயே விட்டுவிடுங்கள். சிகாகோவுக்கு ஐந்து மணி நேர ஓட்டம். அன்றிரவே திரும்புவதென்றால் ஆர்ட் ஹில்லிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் சரிவரும். ஞாயிறு காலை வரை இருக்க முடிந்தால், போகும் வழியில் அரை மணி நேரம் மறுபடி மோனேயிடம் போய்விட்டுப் போங்கள், பத்து மணிக்குத் திறப்பார்கள்.